வீட்டில் தோட்டா செய்பவர்கள் கவனத்துக்கு

ஏம்மா, தப்பா நினைச்சுக்காதே. காதுல மாட்டியிருக்கியே, அதை ஒரு நிமிஷம் எடுத்துடு. அந்தா கதவுகிட்ட ரயில்வே போலீஸ்காரர் நிக்கிறார் பாரு, இடுப்புல துப்பாக்கியோட. அதுக்குள்ள போடற தோட்டா இருக்கே, அதை வீட்டுலயே செய்யலாம். தெரியுமா உனக்கு? நம்ம பக்கம் யாருக்குமே தெரியறதில்லை. முறுக்கு பிழியறதைவிடச் சுலபம், எண்ணெய்ச் செலவும் கிடையாது. ஆனா கவனம் வேணும். கவனம் தப்பினா முறுக்கு கருகற மாதிரி இல்லை, கை போயிடும்.

சிரிக்காதே. நம்ம ஊர்ல செஞ்சா உள்ளே தூக்கிப் போட்டுடுவான், அது தெரியும் எனக்கு. டெக்சாஸ்ல செய்யலாம். அங்க அதுக்குன்னே கடை இருக்கு, நம்ம நாட்டு மருந்துக்கடை மாதிரி டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கான். பொம்பளைங்க கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போறாங்க. நான் கண்ணால பார்த்தேன்.

நான் கும்பகோணம். தையல்நாயகின்னு பேரு. எங்க வீட்டுக்காரர் மின்சார ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனார், ரெண்டு வருஷம்தான் இருந்தார், போய்ச் சேர்ந்துட்டார். அமைதியான மனுஷர், அவர் இருக்கிறதே தெரியாது. ஒரே பொண்ணு, மங்கையர்க்கரசி. டல்லாஸ் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதனை பண்ற இடத்துல வேலை. மாப்பிள்ளை பேரு இளம்பரிதி, கம்ப்யூட்டர் வேலை. அவங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு இப்ப வந்திருக்கார், தாம்பரத்துல அண்ணன் வீட்டுல இருக்கார். அவரைப் பார்க்கத்தான் போயிட்டிருக்கேன்.

பார்க்கப் போறேன்னா சும்மா இல்லை, பரீட்சை. மங்கை போன்ல சொல்லிட்டா. "அம்மா, அவர் உன்கிட்ட என்னமோ பேசணுங்கிறார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. நடுவுல பேசினேன்னு தெரிஞ்சா உனக்கு இனிமே டிக்கெட் கிடையாது, நீ அங்க, நான் இங்க." எப்படி இருக்கு பாரு. பெத்தவளுக்கு மக வைக்கிற பரீட்சை. என்னமோ நான் வாயாடி மாதிரி. நீயே சொல்லு, மாயவரம் வரைக்கும் உன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? உன் இடத்துல முன்னாடி ஒரு அம்மா உக்கார்ந்திருந்தாங்க, அவங்களைக் கேட்டா சொல்வாங்க. மாயவரம் போறதாத்தான் சொன்னாங்க, என்னமோ அவசரம் போல, ஆடுதுறையிலயே இறங்கிட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் சித்திரையில போனேன், ஆறு மாசம் இருக்கறதா ஏற்பாடு. வீடு அரண்மனை மாதிரி இருக்கு, யாரு இல்லைன்னா? ஆனா காலையில மங்கை காரை எடுத்துட்டுப் போயிடுவா. மாப்பிள்ளை மாடியில கதவைச் சாத்திக்கிட்டு வேலை பார்ப்பார். தெருவுல ஒரு ஆள் நடக்க மாட்டான். கீரைக்காரி கிடையாது, தபால்காரன் வந்தா வண்டியை விட்டு இறங்க மாட்டான். எதிர்வீட்டுக்காரன் கையை ஆட்டுவான், நாம ரெண்டு வார்த்தை பேசலாம்னு படியிறங்கறதுக்குள்ள அவன் வீட்டுக் கதவு தானா மூடிக்கும். நாக்குல பூஞ்சை பிடிச்சுடும் போல இருந்துச்சு. ராத்திரி மங்கை வந்து, "என்னம்மா பண்ணே இன்னிக்கு?"ன்னு கேப்பா. பதில் சொல்ல ஆரம்பிச்சா தூங்கிடுவா. அழுகையா வரும் எனக்கு, பொய் சொல்லலை.

சாயங்காலம் ஆனா மாப்பிள்ளை மாடியை விட்டு இறங்கி கராஜுக்குப் போவார். கார் நிறுத்தற இடம்தான், ஆனா கார் வெளியில வெயில்ல காயும். உள்ளே மேசை, மேசையில பெரிய முறுக்கு அச்சு மாதிரி ஒரு இரும்பு மிஷின், பிடியைக் கீழே இழுத்தா அமுங்கும். வாரத்துல ஒரு நாள் துப்பாக்கி சுடற மைதானத்துக்குப் போய் அட்டையில வட்டம் போட்டுச் சுட்டுட்டு வருவார். மனுஷரைச் சுட மாட்டார், கொக்கு குருவிகூடக் கிடையாது, அட்டைதான். சுட்டா குண்டு போயிடும், பித்தளைக் கூடு கீழே விழும். அதைக் குனிஞ்சு பொறுக்கி ஒரு பையில போட்டு எடுத்துட்டு வருவார். எனக்கு முதல்ல மானமே போச்சு. இவ்வளவு சம்பளம் வாங்கறவர் குப்பை பொறுக்கறாரேன்னு.

அப்புறம்தான் விவரம் சொன்னார். அந்தக் கூட்டை மறுபடி உபயோகிக்கலாம். அழுக்குப் போக்கி, மிஷின்ல அமுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டாந்து, பின்பக்கத்துல புதுசா கேப் வைக்கணும். தீபாவளித் துப்பாக்கிக்கு வைப்போமே, அந்த ஜாதிதான். அப்புறம் உள்ளே வெடிமருந்து, அதுக்கு மேல ஈயக் குண்டு, ஒரு அமுக்கு. தோட்டா ரெடி.

இதுல முக்கியம் மருந்துதான். கண் அளவு, கைப்பக்குவம்னு எதுவும் கிடையாது. புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான், சின்னத் தராசுல நிறுத்துப் பார்ப்பார். நான்கூடச் சொன்னேன், "என்ன மாப்பிள்ளை, நாங்க இத்தனை வருஷமா உப்பை நிறுத்தா போட்டோம்?"னு. "அத்தை, இது உப்பு இல்லை"ன்னார். அந்த வாரம் அவர் பேசின பெரிய பேச்சு அதுதான். மேசை மேல ஒரு டப்பா மருந்துக்கு மேல இருக்கக் கூடாது. ரெண்டு டப்பா இருந்தா மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மாறின கதை ஆயிடும். வேலை முடிஞ்சா கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், ஈயம் வயித்துக்குள்ள போகக் கூடாது. நீ எழுதிக்கணும்னா எழுதிக்கோ, நான் நிறுத்திச் சொல்றேன்.

இன்னொண்ணு, புளி ஆகாது. இது யாரும் புஸ்தகத்துல போட மாட்டான், நான் சொல்றேன். பித்தளையைத் தேய்க்க அவர் ஒரு மிஷின் வச்சிருந்தார், வால்நட் ஓட்டுத் தூளைப் போட்டு மணிக்கணக்குல கடகடன்னு ஆட்டும். அந்தச் சத்தமும் நேரமும் எதுக்கு? பித்தளைக்குப் புளியும் உப்பும் போட்டா போதாதா? ஒரு நாள் அவர் மாடியில இருக்கிறப்போ ஒரு கிண்ணம் நிறையக் கூடு வச்சிருந்தார், எடுத்துப் புளித்தண்ணியில ஊறப் போட்டுத் தேய்ச்சு வெயில்ல காய வச்சேன். தங்கம் மாதிரி ஆயிடுச்சு. அதுல ஏற்கெனவே கேப் வச்சிருந்தாராம், ஈரம் பட்டா வெடிக்காதாம். எனக்கு எப்படித் தெரியும்? வந்து பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்பப் பளபளன்னு இருக்கு அத்தை"ன்னார். அதுக்கப்புறம் கூட்டை எல்லாம் எனக்கு எட்டாத மேல் தட்டுல வச்சுட்டார். மெருகு போயிடக் கூடாதுன்னு பத்திரம் பண்றார் போல.

சாம்பிராணி? அது ஆகவே ஆகாது. வெள்ளிக்கிழமை, விளக்கேத்தி, ரூம் ரூமாச் சாம்பிராணி காட்டிட்டு வந்தேன். கராஜும் வீடுதானே, அங்கதானே மனுஷர் பாதி நாள் இருக்கார்னு தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போனேன். அன்னிக்கு மருந்து டப்பா திறந்திருந்துச்சு. மாப்பிள்ளை ஓடி நான் பார்த்தது அன்னிக்கு ஒரு நாள்தான். தட்டைப் பிடுங்கி, வெளியில புல்லுல கொண்டுபோய் வச்சு, ஒரு வாளித் தண்ணியைக் கொட்டினார். "வெள்ளிக்கிழமை சாம்பிராணியில தண்ணி ஊத்தலாமா மாப்பிள்ளை?"ன்னேன். இன்னொரு வாளி கொண்டாந்து கொட்டினார். அவங்க அப்பா கறுப்புச் சட்டை போடறவர். சாமி விஷயம்னாலே அந்தக் குடும்பத்துக்கு ஆகாதுன்னு நான் விட்டுட்டேன்.

இப்படித்தான் எனக்குக் கராஜ் பழக்கம் ஆச்சு. அவர் வேலை பார்ப்பார், நான் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருப்பேன். அந்த ஊர்ல என் பேச்சைக் காது குடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்மா. அதை நான் மறக்க மாட்டேன். துப்பாக்கி சுடறப்போ காதுக்கு மூடி ஒண்ணு போடுவாங்க, சத்தம் தாக்காம இருக்க. அதைச் சில நாள் வீட்டுலயே மாட்டிக்கிட்டு உக்கார்ந்திருப்பார். ஏன் மாப்பிள்ளைன்னு கேட்டேன். பழகறதுக்குன்னார். நான் கொஞ்சம் உரக்கப் பேசினேன், அவ்வளவுதான்.

ஆனா மரியாதைன்னா மரியாதை. எங்க பக்கத்துல மாப்பிள்ளைக்கு எதிர்ல மாமியார் உக்கார மாட்டோம். எங்க அம்மா கடைசி வரைக்கும் எங்க வீட்டுக்காரர் முன்னாடி உக்காரலை, கதவோரம் நின்னேதான் பேசுவாங்க. நானும் அப்படித்தான். மாப்பிள்ளை எனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார், மெத்தை வச்சது. "உக்காருங்க அத்தை"ன்னார். "நல்லா இருக்கே, உங்க முன்னாடி நான் உக்காரறதா?"ன்னுட்டேன். அவர் என்ன பண்ணுவார்? பெரியவங்க நிக்கறப்போ உக்காரக் கூடாதுன்னு வளர்த்திருக்காங்க அவரை. நான் உள்ளே வந்தா எழுந்துடுவார். நான் ஏதாவது கேட்டா எழுந்து நின்னு பதில் சொல்லிட்டுத்தான் உக்காருவார். கும்பகோணத்துல எங்க தெருவுல போய்ச் சொன்னா நம்புவாங்களா, அமெரிக்காவுல இருக்கிற மாப்பிள்ளை மாமியாருக்கு எழுந்து நிக்கிறார்னு? ஒரு சாயங்காலத்துல எத்தனை வாட்டி எழுந்திருப்பார். எனக்குப் பெருமையா இருக்கும்.

சிதம்பரம் எப்ப போச்சு? கவனிக்கவே இல்லை. தண்ணி இருந்தா ஒரு வாய் குடு.

ஆங், மருந்து போடறது. ஒரு கட்டையில வரிசையாக் குழி இருக்கும், குழிக்கு ஒரு கூடா நிக்க வச்சு, ஒண்ணு ஒண்ணா மருந்து போட்டுக்கிட்டே வரணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கூட்டுல பாதிகூட நிறையாது. ரெண்டு வாட்டி போட்டாலும் வழியாது, வெளியில தெரியாது. அதுதான் வம்பு. ரெண்டு பங்கு மருந்து விழுந்த தோட்டாவைச் சுட்டா துப்பாக்கியே வெடிச்சிடும். அதனால எல்லாத்துக்கும் போட்டு முடிச்சதும் கைவிளக்கை அடிச்சு ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பார்ப்பார், எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கான்னு. பார்த்துட்டுத்தான் குண்டு வைப்பார். பார்க்காம வச்ச நாளே கிடையாது. அந்த ஒரு நாளைத் தவிர.

அன்னிக்கு நான் என் பாட்டுக்கு மங்கை கல்யாணத்துல நடந்த கூத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளையோட சின்ன அத்தைக்குப் பந்தியில ரெண்டாவது வாட்டி பாயசம் வரலைன்னு அவங்க கோவிச்சுக்கிட்டு இலையை மூடிட்டு எழுந்து போனாங்க. வருஷம் ஒன்பது ஆச்சு, இன்னும் எங்க பக்கம்தான் தப்புன்னு பேச்சு. பாயசத் தூக்கு யார் கையில இருந்துச்சு? அவங்க ஆள் கையில. அவர் மருந்து போட்டுக்கிட்டிருந்தார், பாதிக் கட்டை ஆயிருக்கும். நான் கேட்டேன், "நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க மாப்பிள்ளை, யார் மேல தப்பு?"

எழுந்து நின்னார். கையில மருந்துக் கரண்டி. கொஞ்ச நேரம் யோசிச்சார். "உங்க மேல இல்லை அத்தை"ன்னார். உக்கார்ந்தார். கட்டையைப் பார்த்தார், எதுல விட்டோம்னு தேடற மாதிரி. அப்புறம் போட ஆரம்பிச்சார்.

எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. ஒன்பது வருஷம் கழிச்சு மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வாயால வந்த நியாயம்மா அது. அப்படீன்னா அந்த அத்தை மேலதானே தப்புன்னேன், மறுபடி எழுந்தார். அப்புறம் ஒரு வாட்டி எழுந்தார், எதுக்குன்னு ஞாபகமில்லை. எல்லாம் போட்டு முடிச்சுக் கைவிளக்கை எடுக்கறப்போ மங்கை கார் வந்துடுச்சு. "மாப்பிள்ளை, சாப்பாடு ஆறுது, அவ பசியோட வந்திருக்கா, வந்து அப்புறம் பார்த்துக்கலாம்"னேன். விளக்கை வச்சுட்டு வந்துட்டார். பெரியவங்க சாப்பிடக் கூப்பிட்டா ரெண்டாவது வார்த்தை கிடையாது அவருக்கு. சாப்பிட்டுட்டுப் போனார், நானும் மோர் எடுத்துக்கிட்டுப் போனேன். அப்ப குண்டு வச்சு அமுக்கிக்கிட்டிருந்தார். விளக்கு அடிச்சாரான்னு நான் பார்க்கலை, நான் பாட்டுக்குப் பேசிட்டிருந்தேன்.

சனிக்கிழமை மைதானத்துல வெடிச்சிடுச்சு.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தார், அந்த வைத்தீஸ்வரன் காப்பாத்தினான். வலது கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிழிஞ்சு தொங்கிச்சாம். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்போ கையை மூட்டையாக் கட்டி வச்சிருந்தாங்க. முகம் வெளுத்துப் போய்ப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் அமுக்கிப் படுக்க வச்சா.

மங்கை கேட்டா, "எப்படி ஆச்சு? நீங்க இவ்வளவு ஜாக்கிரதையான ஆளாச்சே? மருந்து போட்ட அன்னிக்கு யாராவது கூட இருந்தாங்களா?"

அவர் சொல்றார், "யாரும் இல்லை. நான் தனியாத்தான் இருந்தேன். போனைப் பார்த்துக்கிட்டே மருந்து போட்டுட்டேன்."

எப்படி இருக்கும் எனக்கு? நீ சொல்லு. போனைக் கராஜுக்குள்ளயே கொண்டு வர மாட்டார் அவர். அதுவும் போகட்டும். யாருமே இல்லையாம். நான் ஒருத்தி மலை மாதிரி பக்கத்துல நின்னிருக்கேன், கால் கடுக்க. மோர் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். யாரும் இல்லையாம். எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. "என்ன மாப்பிள்ளை இப்படிச் சொல்றீங்க, நான் ஒரு மணி நேரமா உங்க பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டிருந்தேனே? மூணு வாட்டி எழுந்து எழுந்து பதில் சொன்னீங்களே, பாயச விஷயம்கூட..."

அவர் கண்ணை மூடிக்கிட்டார். மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தா பாரு, என் பொண்ணு என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்தப் பார்வை இன்னும் இங்க நெஞ்சுல நிக்குது.

ரெண்டு மூணு நாள்ல அவ என் டிக்கெட்டை முன்கூட்டியே கிளம்பற மாதிரி மாத்திட்டா. உண்மையைச் சொன்னதுக்குத் தண்டனை. நான் பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு அங்க இருந்திருப்பேன். கலிகாலம்னு வேற எதைச் சொல்றது?

ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளையும் வந்தார், கையில கட்டோட. உள்ளே போறதுக்கு முன்னாடி, "அத்தை, ஒண்ணு சொல்லணும்"னார். நான் அப்ப ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில வச்சிருந்தேன், மங்கைக்குப் போட்டதுல மீதி. உடைஞ்சா எல்லாப் புடவையும் போயிடுமேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். வரிசை நகர்ந்துடுச்சு. திரும்பிப் பார்த்தா அவர் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தார். என்னன்னு கையால கேட்டேன். ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டினார்.

ஒரு வருஷம் ஆச்சு. மங்கை மாசத்துக்கு ஒரு வாட்டி கூப்பிடுவா, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வச்சிடுவா. மாப்பிள்ளை கூப்பிடறதே இல்லை. அந்த மிஷினை வித்துட்டாராம். துப்பாக்கியை அதுக்கப்புறம் தொடலையாம். ஆள்காட்டி விரல் மடங்க மாட்டேங்குதாம், ஒரு கையால டைப் அடிக்கிறாராம். மைதானத்துலேர்ந்து வர்ற அன்னிக்கு மட்டும்தான் அந்த மனுஷர் முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும். நான் பார்த்திருக்கேன்.

தூக்கம் வருதா உனக்கு? கண்ணை மூடிக்கோ, காது திறந்துதானே இருக்கு. விழுப்புரம் தாண்டிச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இவ்வளவையும் உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்னு நினைக்கிறியா? பைத்தியம் இல்லைம்மா நான். நாளைக்கு நாளைக்குன்னு ஒரு வருஷமா அவர்கிட்ட பேசறதுக்குச் சேர்த்து வச்சிருக்கேன். எல்லாம் இந்தத் தொண்டையில வந்து நிக்குது. இதோட போய் அவர் முன்னாடி நின்னா, அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் கொட்டிடுவேன், எனக்கே தெரியும். கொட்டினா என் பொண்ணு வீட்டு வாசப்படியை நான் இனிமே மிதிக்க முடியாது. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். அதான் இங்கயே, ரயில்லயே, தீர்த்துட்டுப் போயிடலாம்னு. காலி பாத்திரமாப் போனா அவர் சொல்றது ஏதாவது உள்ளே விழும். உன் முகத்தைப் பார்த்தா பொறுமைசாலின்னு தெரிஞ்சுது. இன்னும் என்ன பாக்கி இருக்கு? நாற்காலியைச் சொன்னேன், சாம்பிராணி சொன்னேன்...

இரு. போன் அடிக்குது. மாப்பிள்ளைதான். கொஞ்சம் தள்ளு, சிக்னல் ஜன்னல் பக்கம்தான் நல்லா இருக்கும்.

சொல்லுங்க மாப்பிள்ளை.

ம்.

செங்கல்பட்டு வந்துடுச்சு. இல்லை இல்லை, நான் பேசலை, நீங்க சொல்லுங்க.

ம்.

ம்.

அப்படி இல்லை மாப்பிள்ளை, நான் அன்னிக்கு என்ன நினைச்சேன்னா... சரி. சரி. சொல்லுங்க.

ம்.

ம்.

கேக்குது. லைன்லதான் இருக்கேன்.

ம்.

ம்.

ம்.

சரி மாப்பிள்ளை.

ஒண்ணுமில்லைம்மா, கண்ல தூசி. ஜன்னல் பக்கம் வந்தா அப்படித்தான். வண்டலூர் தாண்டிடுச்சா? அவ்வளவு நேரமாவா பேசினார்?

திட்டினார். நல்லாத் திட்டினார். நேர்ல என் முகத்தைப் பார்த்தா வாய் வராதுன்னுதான் போன்லயே சொல்றாராம். குளிர் வந்தா விரல் குடையுதாம், ராத்திரி தூக்கமில்லையாம். அந்தக் கராஜ் ஒண்ணுதான் அவருக்குன்னு இருந்த இடமாம், நான் ஒரு நாள்கூட அவரை அங்க தனியா விடலையாம். எழுந்து எழுந்து முட்டி வலிச்சுதாம். அவர் எனக்காக ஒரு பொய் சொன்னாராம், அதைக்கூட நான் முழுசாச் சொல்ல விடலையாம். எல்லாத்தையும் வரிசையாச் சொன்னார், ஒண்ணு விடலை. நடுவுல குரல் உடைஞ்சு போச்சு, நிறுத்திட்டு மறுபடி சொன்னார். கடைசியில, "இறங்கறப்போ அவசரப்படாதீங்க அத்தை, வண்டி நின்னதும் இறங்குங்க, உங்க பெட்டி முன்னாடியே வந்து நிக்கிறேன்"னார்.

நான் ஒரு வார்த்தை நடுவுல பேசலை. சரி, ஒண்ணு ரெண்டு வந்துச்சு, நீ கேட்டே, ஆனா நிறுத்திட்டேன் இல்ல? மங்கை கேட்டா நீதான் சாட்சி.

அந்தப் பையை மட்டும் இறக்கிக் குடும்மா. பார்த்து, கனமா இருக்கும். கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு, அந்த மனுஷர் என்கிட்ட பேசினது இதுதான் முதல் தடவை.